தூண்கள் போன வழி

சனிக்கிழமை விடிந்தால் சென்னையிலும் பெங்களூரிலும் பாதிப் பேருக்குக் கடற்காற்று வாங்க வேண்டும் என்ற ஆசை வந்துவிடுகிறது. பெங்களூர்க்காரருக்குக் கடல் கிடையாது. அவர் ஆசைப்படுவது நியாயம். சென்னைக்காரருக்கு என்ன குறை? மெரினாவிலே வீசாத காற்றா? ஆனால், சொந்த ஊரில் வீசுகிற காற்று காற்றல்ல என்பது உல்லாசப் பிரயாண சாஸ்திரத்தின் முதல் சூத்திரம். ஆகையால் இருவருமே மூட்டை கட்டிக்கொண்டு புதுச்சேரிக்குப் புறப்படுகிறார்கள். பள்ளி விடுமுறையோ, பொங்கலோ, ஆங்கிலப் புத்தாண்டோ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அந்த ஊர் விடுதிகளில் ஓர் அறை கிடைப்பது, தேர்தலில் நிற்க இடம் கிடைப்பதைவிடக் கஷ்டமாகிவிடும்.

போகிற வழிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னையிலிருந்து கடலை ஒட்டியே போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒன்று. திண்டிவனம் வரை பெரிய சாலையில் போய் அங்கே கிழக்கே திரும்புவது இன்னொன்று. ரயிலில் போகிறவர்களுக்கு விழுப்புரத்திலிருந்து கிளை பிரியும் பாதை இருக்கிறது. அது 1879-ல் போட்டது. பெங்களூர்க்காரர்கள் கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை என்று வந்து, திண்டிவனத்தைப் பிடித்துக் கடலுக்கு இறங்குகிறார்கள்.

இந்தக் கடைசி வழியில் ஒரு விசேஷம் உண்டு. திருவண்ணாமலைக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் வந்ததும், சாலை ஒரு கோட்டைக்குள் புகுந்து வெளியே வருகிறது. கோட்டைக்குப் பக்கத்தில் போகவில்லை; கோட்டைக்கு உள்ளேயே போகிறது! வலக்கைப் பக்கம் ராஜகிரி, இடக்கைப் பக்கம் கிருஷ்ணகிரி, சற்றுத் தள்ளிச் சந்திரகிரி. பாறாங்கற்களை யாரோ கூடையில் அள்ளிக்கொண்டு வந்து குவித்ததுபோல் மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து ஓடுகிற மதில். அதுதான் செஞ்சி.

செஞ்சியில் இளநீர் விற்கிற ஒருவரோடு ஒருநாள் பேசிக்கொண்டு நின்றேன். ஒரு கார் வந்து நின்றது. குடும்பத்தோடு வந்தவர்கள். இளநீர் குடித்துக்கொண்டே அந்த அம்மாள் கேட்டாள்:

"அண்ணே, பாண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒன்றரை மணி ஆகும்மா."

"அது என்ன மலை?"

"செஞ்சிக் கோட்டைம்மா. ராஜா தேசிங்கு கோட்டை."

"பார்க்கிறதுக்கு ஏதாவது இருக்கா?"

இளநீர்க்காரர் சற்று யோசித்தார். "பார்த்தா எல்லாம் இருக்குதும்மா. பார்க்காட்டி வெறும் கல்லுதான்" என்றார்.

அவர்கள் சிரித்துவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்கள். இருட்டுவதற்குள் கடலைப் பார்க்க வேண்டுமே! அவர்கள் மேல் பிழை சொல்ல என்ன இருக்கிறது? ஆனால், செஞ்சியில் நின்று கடற்கரைக்கு வழி கேட்டவர்கள் அவர்களுக்கு முன்னும் இருந்தார்கள். சுமார் 400 வருஷத்துக்கு முன்பிருந்தே இந்த மலையடிவாரத்தில் வந்து நின்று, "கடற்கரையில் எங்களுக்குக் கொஞ்சம் இடம் கொடுங்கள்" என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். கொடுத்தவர்கள் இந்த மலைமேல் இருந்தவர்கள். அந்தக் கதையை அறிந்துகொண்டு புதுச்சேரிக் கடற்கரையில் போய் உட்கார்ந்தால், அந்தக் காற்றுக்கே வேறு ருசி வந்துவிடும் என்பது என் அபிப்பிராயம்.

*

செஞ்சி மலையில் முதலில் கோட்டை கட்டியவர்கள் கோனார்கள் என்று பழைய வரலாறு சொல்கிறது. ஏறக்குறைய 1200-ம் வருஷத்தில் ஆனந்தக் கோன் என்பவர் தொடங்கிவைத்தார்; அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோனின் பெயரால்தான் ஒரு மலை கிருஷ்ணகிரி ஆயிற்று. ஆடுமாடு மேய்த்தவர்களுக்கு மலையின் சந்துபொந்துகள் தெரியாமல் யாருக்குத் தெரியும்? பிறகு விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக நாயக்கர்கள் வந்தார்கள். இன்று நாம் பார்க்கிற மதில்களிலும், நெற்களஞ்சியங்களிலும், குளங்களிலும், கல்யாண மஹாலிலும் அவர்கள் காலத்துக் கைவேலை நிறைய இருக்கிறது. அவர்களுடைய ராஜ்யம் மலையோடு நிற்கவில்லை. கிழக்கே கடல்வரை ஓடியது.

கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில், 1590-களின் இறுதியில், பிமெந்தா என்ற ஏசுசபைப் பாதிரியார் செஞ்சிக்கு வந்தார். ஊரைப் பார்த்துத் திகைத்துப் போனார். லிஸ்பன் ஒன்றைத் தவிர, போர்ச்சுகல் தேசத்தில் இவ்வளவு பெரிய நகரம் கிடையாது என்று எழுதிவைத்தார். இன்று செஞ்சி பஸ் நிலையத்தில் இறங்கி ஒரு காப்பி குடித்துவிட்டு இந்த வாக்கியத்தை நினைத்துப் பாருங்கள். காலம் என்பது எத்தகைய ஆசாமி என்று விளங்கும்.

அதே கிருஷ்ணப்ப நாயக்கரிடம்தான் ஒல்லாந்தர் வந்து நின்றார்கள். கடலூருக்குப் பக்கத்தில் தேவனாம்பட்டினம் என்ற கடற்கரைக் கிராமம். அங்கே வியாபாரம் செய்யவும் கோட்டை வைத்துக்கொள்ளவும் 1608-ஐ ஒட்டி நாயக்கர் அனுமதி கொடுத்தார். செஞ்சிக்காரர் கடற்கரையை வெள்ளைக்காரருக்குத் திறந்துவிட்ட கதை அங்கே தொடங்குகிறது.

1649-ல் பீஜப்பூர் சுல்தானின் படை வந்து செஞ்சியைப் பிடித்துக்கொண்டது. அந்த ஆட்சியில், வாலிகண்டபுரத்தில் இருந்த ஷேர்கான் லோடி என்ற அதிகாரி, பிரெஞ்சுக்காரர்களுக்குப் புதுச்சேரியில் இடம் கொடுத்தான். 1674-ல் பிரான்சுவா மார்த்தேன் சில ஆட்களோடு அந்த மணல்மேட்டில் வந்து குடியேறினார். 'புதுச்சேரிக்குப் போய்ச் சேருவது' அப்போது சுலபமான காரியமல்ல. அங்கே துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நின்றுவிடும். சலங்கு என்ற தோணியில் ஏறி, மூன்று நான்கு அலைகளைத் தாண்டி, தொப்பலாக நனைந்துதான் கரைசேர வேண்டும். அந்தச் சலங்குகளில் தட்டுத்தடுமாறி இறங்கியவர்கள்தாம் பிற்பாடு தென்னிந்திய ராஜாக்களை ஆட்டிவைத்தார்கள்.

மூன்று வருஷத்துக்குள் ஒரு திருப்பம். 1677-ல் மராட்டிய வீரர் சிவாஜி தெற்கே படையெடுத்து வந்து செஞ்சியைக் கைப்பற்றினார். ஷேர்கான் லோடி தோற்று ஒழிந்தான். இடம் கொடுத்தவனே போய்விட்டான். இருந்தவர்கள் என்ன செய்வது? மார்த்தேன் சாமர்த்தியசாலி. உடனே சிவாஜியிடம் தூது அனுப்பி, தொந்தரவு வராமல் பார்த்துக்கொண்டார். அதற்குப் பின் புதுச்சேரியின் எஜமான் செஞ்சியில்தான் இருந்தான். அங்கே ஒரு சுவர் எழுப்ப வேண்டுமென்றாலும் செஞ்சியின் தயவு வேண்டும். 1680-களின் கடைசியில், செஞ்சியில் மராட்டியருக்காக ஆட்சி செய்த ஹர்ஜி ராஜாவின் சம்மதத்தோடுதான் மார்த்தேன் தம் ஊருக்குப் பாதுகாப்பு அரண் கட்டத் தொடங்கினார்.

*

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த பிரயாணி ஒருவர் உண்டு. சிவாஜியின் இளைய குமாரர் ராஜாராம். அண்ணன் சாம்பாஜியை ஒளரங்கசீப் கொன்றுவிட்டான். தலைநகரம் பறிபோயிற்று. 1689-ல் ராஜாராம் மேற்கே பன்ஹாளா கோட்டையிலிருந்து யாத்திரீகர் வேஷத்தில் சில துணைவர்களோடு புறப்பட்டார். பெங்களூர் வழியாக, வேலூர் வழியாக, மொகலாயர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுச் செஞ்சி வந்து சேர்ந்தார். பெங்களூரிலிருந்து காரில் வருகிறவர்கள் வழியில் ஒரு 'டயர்' பஞ்சரானால் படுகிற வேதனையை நான் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் ராஜாராமின் ஞாபகம் எனக்கு வரும். ஒரு ராஜ்யத்தையே முதுகில் சுமந்துகொண்டு அந்த மனிதர் வந்திருக்கிறார்!

வந்தவர் எட்டு வருஷம் செஞ்சியில் இருந்தார். மராட்டிய ராஜ்யத்தின் தலைநகரமே அப்போது செஞ்சிதான். ஜுல்பிகர்கான் தலைமையில் மொகலாயப் படை 1690-ல் வந்து சூழ்ந்துகொண்டது. முற்றுகை 1698 வரை நீடித்தது. முற்றுகைக்குள் இருக்கும் ராஜாவுக்குப் பணம் வேண்டும். படைக்குச் சம்பளம், குதிரைக்குக் கொள்ளு, பீரங்கிக்கு மருந்து. கையில் விற்பதற்கு என்ன இருந்தது? கடற்கரை இருந்தது.

1690-ல் ஆங்கிலக் கம்பெனிக்குத் தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியர் விற்றார்கள். எல்லை எதுவரை என்பதற்கு வேடிக்கையான ஏற்பாடு ஒன்று: கோட்டையிலிருந்து பீரங்கி சுட வேண்டும், குண்டு எங்கே விழுகிறதோ அதுவரை கம்பெனிக்குச் சொந்தம். ஆங்கிலேயர் விடுவார்களா? சென்னையிலிருந்து நல்ல பித்தளைப் பீரங்கி ஒன்றை அனுப்பிவைத்தார்கள். குண்டு எட்டிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் விழுந்தது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. பின்னால் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, 1746-லிருந்து சில வருஷம் ஆங்கிலேயருக்குத் தலைமை இடமாக இருந்ததும் அதுதான். இப்போது அதன் பக்கத்தில் இருக்கும் மணற்பரப்புக்கு வெள்ளிக் கடற்கரை என்று பெயர். மாலை வேளையில் கடலூர் ஜனங்கள் அங்கே சுண்டல் தின்றுகொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

1693-ல் இன்னொரு விற்பனை. இந்தத் தடவை புதுச்சேரியே கைமாறியது. ஒல்லாந்தர் ராஜாராமுக்குப் பணம் கொடுத்து அந்த ஊரின் உரிமையை வாங்கிக்கொண்டு, கப்பற்படையோடு வந்து மார்த்தேனை வெளியேற்றினார்கள். ஐரோப்பாவில் சமாதானம் ஏற்பட்டு 1699-ல்தான் பிரெஞ்சுக்காரருக்கு ஊர் திரும்பக் கிடைத்தது.

இங்கே சற்று நின்று யோசிக்கலாம். நாயக்கர் அனுமதி கொடுத்தார். பீஜப்பூர் அதிகாரி இடம் கொடுத்தான். மராட்டியர் விற்றார்கள். மதம் வேறு, மொழி வேறு, குலம் வேறு. ஆனால் கடற்கரை விஷயத்தில் மூவருக்கும் ஒரே புத்தி. அது வெறும் மணல் என்று நினைத்தார்கள். அவர்களுக்குத் தெரிந்த ஆபத்து எல்லாம் குதிரைமேல் ஏறி நிலத்தின் வழியே வந்தது. அதற்காக அகழி வெட்டினார்கள். மூன்று மலைகளை மதிலால் கட்டினார்கள். ராஜகிரி உச்சிக்குப் போகும் வழியில், ஆழமான பாறைப் பிளவின்மேல் ஒரு சிறிய மரப்பாலத்தை மட்டும் வைத்து, அதையும் எடுத்துவிட்டால் எமனும் ஏறமுடியாது என்று நிம்மதியாக இருந்தார்கள். குதிரை வரும் வழியைக் கல்லால் அடைத்துவிட்டு, கப்பல் வரும் வழியைக் காசுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். முற்றுகைக்குள் பசியோடு இருக்கிறவனுக்கு நாளைய கப்பலைவிட இன்றைய சோறு பெரிது. ஆனாலும் விலை கொடுக்காமல் முடியவில்லை.

*

1698-ல் செஞ்சி மொகலாயர் வசம் வந்தது. கோட்டை விழுவதற்குச் சற்று முன்பே ராஜாராம் தப்பி வேலூர்ப் பக்கம் போய்விட்டார். செஞ்சியின் காய்ச்சலுக்குப் பயந்து ஆட்சிபீடம் ஆர்க்காட்டுக்குப் போயிற்று. புந்தேலா ராஜபுத்திரரான சொரூப்சிங் கோட்டைக்கு அதிகாரியானார். அவர் மகன்தான் தேஜ்சிங். நம் ஊர் வாயில் தேசிங்கு. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானை எதிர்த்து 1714 அக்டோபர் 3-ந் தேதி போர்க்களத்தில் அவர் மாண்டபோது வயது 22 என்பார்கள். அவர் செஞ்சியை ஆண்டது சில மாதங்கள்தாம். பத்து வருஷம் ஆண்டவர்களை ஜனங்கள் மறந்துவிட்டார்கள். சில மாதம் ஆண்ட வாலிபனைக் கதைப்பாட்டாகப் பாடி, தெருக்கூத்தாக ஆடி, சினிமாவாகவும் எடுத்துவிட்டார்கள். ஜனங்களின் சரித்திரக் கணக்கு வருஷத்தை எண்ணுவதில்லை.

அதற்குப் பின்தான் கடற்கரை திரும்பிவந்து மலையின் கதவைத் தட்டியது. புதுச்சேரியில் டூப்ளே கவர்னராக இருந்த காலம். 1750 செப்டம்பர் 11-ந் தேதி புஸ்ஸி என்ற பிரெஞ்சுத் தளபதி செஞ்சிக்கு முன் வந்து சேர்ந்தார். வெளியே இருந்த படையை முறியடித்து, வெடிவைத்து வாசலைத் தகர்த்து, இருட்டிலேயே மூன்று மலைகளிலும் ஏறினார்கள் அவருடைய சிப்பாய்கள். மறுநாள் பொழுது விடிந்தபோது மூன்று மலைகளும் பிரெஞ்சுக்காரர் கையில். ஒளரங்கசீப்பின் படை எட்டு வருஷம் காத்துக் கிடந்த கோட்டை, ஒரே இரவில்! புதுச்சேரியில் இன்றும் பழைய மனிதர்கள் 'புஸ்ஸி வீதி' என்று சொல்கிறார்களே, அந்தப் புஸ்ஸி இவர்தான்.

அந்த டிசம்பரில், செஞ்சிக்கு அருகே பாளயம் இறங்கியிருந்த ஹைதராபாத் நாசிர்ஜங், பிரெஞ்சுக்காரர் தாக்குதலின்போது தம் பக்கத்து நவாப் ஒருவராலேயே கொல்லப்பட்டார். அவருடைய பகைவரும் உறவினருமான முஸாபர்ஜங், தட்சிணத்துக்குப் புதிய அதிபதியாகச் செஞ்சிப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் பல்லக்கும் பரிவாரமுமாகப் பிரயாணம் செய்தார். 75 வருஷத்துக்கு முன் கடற்கரைக்காரன் மலைக்கு வந்து கைகட்டி நின்றான். இப்போது தட்சிணத்தின் அதிபதியே கடற்கரைக்கு நன்றி சொல்லப் போகிறார். சாலை அதேதான், போகிற திசை மாறிவிட்டது.

*

அதே சாலையில் இன்னொரு பிரயாணமும் நடந்தது.

செஞ்சிக் கோட்டையின் கிழக்கு வாசலுக்குப் புதுச்சேரி வாசல் என்று பெயர். அதற்கு அருகே வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. கோபுர வாசலுக்குள் நுழைந்து இருபுறச் சுவர்களையும் பார்க்க வேண்டும். ராமாயணக் காட்சிகள் செதுக்கியிருக்கிறார்கள். பாற்கடலைக் கடையும் காட்சியும் அங்கே உண்டு. கடலையே பார்க்காத மலையடிவாரத்தில் கடலைக் கடைந்துகொண்டிருக்கிறார்கள் தேவரும் அசுரரும்! உள்ளே போனால் விசாலமான பிராகாரம், மண்டபங்கள், இடையிடையே வெறுமை. அந்த வெறுமைக்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே இருந்த உயரமான தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டு போய்விட்டார்கள்.

ஒவ்வொன்றும் ஒரே கல்லில் அமைந்த தூண். கதை எழுதுகிறவனுக்கு அந்தப் பிரயாணத்தைக் கற்பனை செய்யாமல் இருக்கமுடியாது. மாடுகள் முக்குகின்றன. வண்டியின் இருசு கிறீச்சிடுகிறது. ஓடைக்கரையில் சக்கரம் மணலில் புதைகிறது. வழியில் உள்ள கிராமத்து ஜனங்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். கோயில் தூண் படுத்துக்கொண்டு போவதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். கும்பிட வேண்டுமா, அழ வேண்டுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தக் கற்கள் போய்ச்சேர்ந்த ஊர் மட்டும் சுகமாக இருந்ததா? 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். புதுச்சேரியின் அன்றாட வாழ்க்கையை 25 வருஷம் நாட்குறிப்பாக எழுதிவந்த ஆனந்தரங்கப் பிள்ளை, ஊர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடினார். அந்த வீழ்ச்சியைப் பார்க்காமல் போனது அவருடைய புண்ணியம். செஞ்சியோ அதற்குப் பின்னும் ஏப்ரல் வரை எதிர்த்து நின்று, 5-ந் தேதிதான் ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. கடற்கரை போன பிறகும் மலை மூன்று மாதம் தாங்கியது.

ஊரைத் திரும்பப் பெற்ற பிரெஞ்சுக்காரர்கள் 1765-லிருந்து புதிதாகக் கட்டினார்கள். இன்று நாம் நேர்கோட்டு வீதிகள் என்று வியந்து பார்க்கிற புதுச்சேரி அதற்குப் பின் எழுந்தது. 1870-ல் கடற்கரையில் டூப்ளேக்குச் சிலை வைத்தார்கள். சிலையின் அடிப்பீடத்துக்குச் செஞ்சிக் கற்கள். சுற்றிலும் அழகுக்குச் செஞ்சித் தூண்கள். சுதந்திரத்துக்குப் பின், 1954-ல் புதுச்சேரி நம்மோடு இணைந்த பிறகு, டூப்ளே இடம் மாறினார். இப்போது கடற்கரைச் சாலையின் தென்கோடியில் ஒரு பூங்காவில் நிற்கிறார். நடு இடத்தில் கையில் தடியோடு மகாத்மா காந்தி நடக்கிறார். அவரைச் சூழ்ந்து எட்டுத் தூண்கள் நிற்கின்றன. பெருமாள் கோயிலில் பிறந்து, பிரெஞ்சுக் கவர்னருக்குக் காவல் நின்று, கடைசியில் மகாத்மாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்ட அந்தத் தூண்களின் ஜாதகத்தை என்னவென்று சொல்வது!

*

மலையிலிருந்து கடற்கரைக்கு மற்றொரு பிரயாணி தினமும் போகிறாள். அவள் டிக்கட் வாங்குவதில்லை. செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் சங்கராபரணி ஆறுதான் அது. வராக நதி என்றும், செஞ்சியாறு என்றும் அவளுக்குப் பெயர்கள் உண்டு. வீடூரில் அணை கட்டி அவளை நிறுத்திவைத்திருக்கிறார்கள். அதைக் கடந்து வில்லியனூர் பக்கமாகப் போய், புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கலக்கிறாள். அவளுடைய கிளையான அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் அங்கே மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்து, 2000 வருஷத்துக்கு முன்பே ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த பட்டினம் அது என்று உலகத்துக்குக் காட்டினார். மார்த்தேனுக்கு முன்பே அந்தக் கரைக்கு வழி தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்று அர்த்தம்.

அந்த ஆற்றின் முகத்துவாரத்தில் 1980-களில் துறைமுகம் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே அலையோடு நகர்ந்துவரும் மணலை அது தடுத்துவிட்டது. நகரத்துக்கு எதிரே இருந்த மணற்பரப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, காந்தி சிலைக்கு முன்னாலேயே கடல் வந்து கருங்கல் மேல் மோதத் தொடங்கியது. பல வருஷம் 'கடற்கரை' என்று போனவர்கள் பார்த்தது கரையை அல்ல, கற்குவியலைத்தான். பிற்பாடு கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை அமைத்ததில் வடகோடியில் மீண்டும் சிறிது மணல் சேர்ந்திருக்கிறது. 'வெறும் மணல்' என்று செஞ்சி மன்னர்கள் நினைத்தார்கள் அல்லவா? அந்த மணலைத் திரும்பக் கொண்டுவர எவ்வளவு பாடு!

*

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை.

செஞ்சிக்கு ரயில் கிடையாது. ரயிலில் வருகிறவர்கள் திண்டிவனத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும், 28 கிலோமீட்டர். சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் ஏறினால் நேராகவே இறங்கிவிடலாம். ஊரிலிருந்து கோட்டை மேற்கே சிறிது தூரம், ஆட்டோ கிடைக்கும். காலையிலேயே போய்விடுவது நல்லது. ராஜகிரி 800 அடி உயரம். படிகள் உண்டு; நிழல்தான் குறைவு. நேரம் தாழ்ந்தால் மேலே ஏற விடமாட்டார்கள். தண்ணீர் கையோடு வேண்டும். தின்பண்டம் வேண்டாம், இன்று கோட்டையை ஆள்கிற குரங்குகள் எந்த உடன்படிக்கையையும் மதிப்பதில்லை. மலையேற முடியாதவர்கள் கல்யாண மஹாலையும், களஞ்சியத்தையும், வேங்கடரமணர் கோயிலையும், சாதத்துல்லாகான் மசூதியையும் கீழேயே பார்த்துக்கொள்ளலாம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியரின் போர்க்கோட்டைகள் என்று 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். சந்தோஷம். மராட்டியர் இங்கே இருந்தது 1677 முதல் 1698 வரை 21 வருஷம். கோனாரும், நாயக்கரும், பீஜப்பூராரும், மொகலாயரும், ராஜபுத்திரரும், பிரெஞ்சுக்காரரும் இருந்த வருஷங்களையும் பார்க்க வருகிறவர்கள் சேர்த்துக் கூட்டிக்கொள்ள வேண்டும். பெயர்ப்பலகையில் எல்லோருக்கும் இடம் இருக்காது. நம் மனசில் இருக்கலாம்.

பகல் சாப்பாட்டை முடித்துக்கொண்டு செஞ்சியில் கிளம்பினால், 70 கிலோமீட்டர்தான், மாலைக்குள் புதுச்சேரி. அங்கே சுற்றுவதற்கு வாகனமே வேண்டாம். ஒரு நேர்வீதியில் கிழக்கே நடந்தால் கடல் வந்துவிடும். நடக்க அலுப்பாக இருந்தால் வாடகைச் சைக்கிள் கிடைக்கும். மாலையில் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். சாலை முழுவதும் நடக்கிறவர்களுக்கே சொந்தம். குழந்தைகள் ஓடும், ஐஸ்கிரீம் உருகும், புது மணத் தம்பதிகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படம் பிடித்துக்கொள்வார்கள். காந்தி சிலையின் படிகளில் உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இடம் கிடைத்தால், பக்கத்தில் நிற்கிற தூண்களில் ஒன்றைத் தொட்டுப் பாருங்கள். பகல் முழுவதும் வெயிலில் நின்றதால் கல் இன்னும் சூடாக இருக்கும். காலையில் வேங்கடரமணர் கோயிலில் நீங்கள் தொட்ட கல்லும் இதே கல்தான். கூட வந்திருக்கும் குழந்தை, "இது எங்கேருந்து வந்தது?" என்று கேட்கும். சொல்லுவதற்கு உங்களிடம் பதில் இருக்கும்.